பரமத்தி வேலூர் வெள்ளப் பயிற்சி

சொந்த ரேடியோவில் ஊர்விட்டு ஊர் பேசிக்கொள்ளும் எங்கள் ஹாம் ரேடியோ சங்கம் ஆடி மாதத்தில் வெள்ளப் பயிற்சி நடத்தும். செல்போன் கோபுரங்கள் சாய்ந்தாலும் நாங்கள் இருக்கிறோம் என்று அதிகாரிகளுக்குக் காட்டத்தான். இதுவரை எந்த அதிகாரியும் பார்க்க வந்ததில்லை.

வெள்ளத்தில் சிக்கியவராக நடிப்பது கடைசியாகச் சேர்ந்தவரின் வேலை. அந்த வருடம் அது குமாரபாளையத்து விசைத்தறி முதலாளி ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர். விதிமுறைகள் அத்தனையும் மனப்பாடம். அவரைப் பரமத்தி வேலூரில், காவிரி நடுவே ஒரு மணல்திட்டில், கையடக்க ரேடியோவோடு நிறுத்தினோம். கோபுரங்கள் சாய்ந்துவிட்டதாகக் கற்பனை. ஆகவே அவருடைய செல்போனை வாங்கி வைத்துக்கொண்டோம். ஆடியில் மேட்டூர் அணை திறக்கும் என்பது ஆற்றோரத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

நாமக்கல்லில் சங்கத் தலைவர் வீட்டு மாடியறைதான் கட்டுப்பாட்டு நிலையம். தலைவர் பேசுவார், நான் எழுதிக்கொள்வேன். ஒவ்வொரு செய்தியையும் ‘பயிற்சி’ என்று தொடங்கி ‘பயிற்சி’ என்றே முடிக்க வேண்டும். வேறு யாராவது கேட்டுப் பதறிவிடக் கூடாதே. மறந்தால் தலைவர் போடும் மதிப்பெண் குறையும்.

“பயிற்சி. தண்ணி ஏறுதுங்க. பயிற்சி.”

“சரிங்க, அங்கயே இருங்க,” என்றார் தலைவர்.

சற்று நேரத்தில் மறுபடியும் மணல்திட்டிலிருந்து குரல்: “பயிற்சி. முழங்காலுக்கு வந்துருச்சுங்க. எனக்கு நீச்சல் தெரியாதுங்க. பரிசல் அனுப்புங்க சாமி. பயிற்சி.”

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “என்ன நடிப்பு பாத்தீங்களா. போன வருசம் நடிச்ச வாத்தியாரு பாடம் ஒப்பிச்சாருங்க.”

மேசைமேல் விசைத்தறிக்காரரின் செல்போன் அடித்தது. அவர் மனைவி. அணை திறந்த செய்தி எட்டியிருக்கும். நான் கை நீட்டினேன்.

“கோபுரமே இல்லீங்க, எப்படி அடிக்கும்?” என்று தலைவர் அதை அணைத்து வைத்தார்.

“பயிற்சி. இடுப்புங்க. பயிற்சி.”

பிறகு சத்தமில்லை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறார் என்று தலைவர் மெச்சினார். காப்பி வந்தது.

கரையில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர் கத்துவதைக் கேட்டு, பரிசலில் போய்த் தூக்கி வந்தார்கள். அவர்களுக்கு ரேடியோ விதிமுறை எதுவும் தெரியாது.

அடுத்த கூட்டத்துக்கு விசைத்தறிக்காரர் இருமிக்கொண்டே வந்தார். “நான் நெசமாத்தானுங்க கூப்பிட்டேன்.”

“‘பயிற்சி’ங்கறத உட்டிருந்தா அப்பவே ஆள் அனுப்பியிருப்போமுங்க,” என்றார் தலைவர்.

“உட்டா மார்க் போயிருமுங்களே.”

தலைவர் மதிப்பெண் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

“போயிருக்குமுங்க,” என்றார்.