சுருட்டைப் பற்றவைத்துச் செய்த சத்தியம்

பள்ளிக்கூடத்தை மூன்றாம் படிவத்தோடு விட்டு ஓடியவன் நான். பிறகு லாரி, மீன் சந்தை, சாப்பாட்டுக் கடை என்று ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் கோலா சாவா பக்கத்துத் தோட்டமொன்றில் பள்ளி வேன் ஓட்ட வந்து சேர்ந்தேன். நான் படிக்காத படிப்புக்கு மற்றவர்களைத் தினமும் ஏற்றிக்கொண்டு போகும் வேலை.

வேனுக்குள் எப்போதும் மாம்பழ வாசனை. சில நாள் பலாப்பழம். எல்லாம் வேப், மின்சிகரெட்டுப் புகை. பின்சீட்டுக்காரர்கள் சட்டைக் கைக்குள் மறைத்து இழுத்து, காலருக்குள் ஊதுவார்கள். "டேய், யாருடா அது?" என்று கேட்டால், "செண்டுண்ணே" என்பார்கள். பதினாறு வயதில் இத்தனை பேர் பழத்தோட்டம் போல மணந்தால் எந்த அப்பனுக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஒரு காலையில் பள்ளி வாசலில் பைச் சோதனை. ஐந்தாம் படிவ மாணவன் ஒருவனின் பையில் வேப் அகப்பட்டது. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேதியியலை முணுமுணுத்துக்கொண்டே வருபவன் அவன். வேனில் எல்லார் பையும் பின்னால் ஒரே குவியலாகக் கிடக்கும். யார் எதில் எதைத் திணித்தார்கள் என்பது தோட்டத்துக் கோயில் முனியாண்டிக்குத்தான் வெளிச்சம். "என்னுது இல்ல சார்" என்று அவன் சொன்னது எடுபடவில்லை. கட்டொழுங்கு ஆசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. போர்டிக்சனில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் அவன் அம்மா போய் அழுத பிறகு, தோட்டத்துப் பெரியவர்கள் பொறுப்பேற்றால் திரும்பச் சேர்ப்பதாக ஆசிரியர் இறங்கி வந்தார்.

கோயில் தலைவர் பொறுப்பேற்றார். வாயில் சிகரெட்டோடுதான் ஏற்றார். "இந்தப் பொக நம்ம புள்ளைங்களயே அழிக்குது" என்று புகைவிட்டபடி பேசி, தோட்டத்துப் பையன்கள் எல்லாரும் முனியாண்டி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். என் வேன் பின்சீட்டில் வரும் தன் மகனையும் நிறுத்தப்போவதாகச் சொல்லும்போது நெஞ்சைத் தொட்டுக்கொண்டார், பெரிய தியாகம்போல. ஆசிரியர் வந்து சாட்சி நிற்பதென்று ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை, செம்பனை மரங்களின் ஓரத்துக் கோயிலில் கூடினோம். அந்தத் தோட்டத்தில் முனியாண்டியிடம் வெறுங்கையோடு யாரும் சத்தியம் செய்வதில்லை. செய்கிறவன் ஒரு சுருட்டைத் தன் வாயாலேயே இழுத்துப் பற்றவைத்துச் சாமி முன்னால் வைக்க வேண்டும். புகைக்கமாட்டேன் என்ற சத்தியத்துக்கும் அதே முறைதான். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை. பூசாரி ஆளுக்கொரு சுருட்டை நீட்டினார்.

ஆசிரியர் என் பக்கம் சாய்ந்து, "என்னண்ணே இது?" என்றார்.

"புகை ஒழிப்பு சார்."

முதலில் அந்த மாணவன். ஒரே இழுப்புதான். இருமல் பிடித்துக் கண் பிதுங்கி, குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தான். சுருட்டு அணைந்துபோனது.

அடுத்து தலைவர் மகன். சுருட்டை இரண்டு விரலுக்கு நடுவே செருகி, கன்னம் ஒட்ட இழுத்து, மூக்கு வழியாக நிதானமாக விட்டான். நுனி செக்கச்செவேலென்று கனிந்தது. சாம்பலை ஒரு தட்டுத் தட்டிச் சாமி முன்னால் வைத்தான்.

"பாத்தீங்களா!" தலைவர் கத்தினார். "குத்தம் செஞ்சவன் தொண்டயப் புடிச்சிட்டான் முனியாண்டி! எம் மவன் சுத்தம் லா, சாமி ஏத்துக்கிச்சி!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த அம்மா மட்டும் மகனின் முதுகைத் தடவியபடி ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர் கார் நிறுத்திய இடத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். கார் மறைவில் நின்று சட்டைப்பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தார்.

"மொத தடவ இழுத்தப்ப இருமுனீங்களா சார்?"

"செத்தே போயிட்டேன்" என்று சொல்லி, எனக்கும் ஒன்று நீட்டினார். இரண்டு பேருமே இருமாமல் பிடித்தோம். பாதியில் அவர் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அந்த இருமுனவன ஏத்திட்டு வாங்க."

"தலைவர் மகன்?"

"அவனையும்தான். ஆனா அவன் பை பின்னால போவக் கூடாது. உங்க காலடியில வச்சி, பள்ளிக்கூட கேட்டுல எங்கிட்ட நேரா குடுங்க."

திங்கட்கிழமை தலைவர் மகனின் பை என் காலடியில் கிடந்தது. கோலா சாவா தாண்டுவதற்குள் அதிலிருந்து மாம்பழ வாசனை மூக்கைத் துளைத்தது. பக்கத்து சீட்டில் வேதியியல் ஓடிக்கொண்டிருந்தது, தொண்டை கட்டிய குரலில்.