மூன்றாம் படியின் மஞ்சள்

பவளத்துக்கு அந்த நகரமண்டபத்தின் மேல் ஒரு மாமியாரின் பாசம். குறை சொல்லாமல் ஒருநாளும் அதைத் துடைத்ததில்லை. வேறு யாராவது குறை சொன்னால் விடவும் மாட்டாள்.

நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஜெர்மன் ஊர் அது. ராட்ஹவுஸ் என்று அங்கே சொல்லும் அந்த மண்டபம் நானூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. கீழே மணற்கல் வளைவுகள். ஒரு காலத்தில் அவற்றின் நிழலில் உப்பும் ரொட்டியும் விற்றார்களாம். மேலே இரண்டு மாடிக்கு மரச்சட்டமும் வெள்ளைச் சாந்தும். முதல் மாடியில் ஓக் பலகை பதித்த கல்யாணக் கூடம். பலகைகள் வயதாகி ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருப்பதால், கீழே விழுகிற எதுவும் இடுக்கில் குடியேறிவிடும். சதுக்கத்திலிருந்து கூடத்துக்கு ஏற, வெளிப்புறமாக அகன்ற கல் படிக்கட்டு. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம் என்பதால் ஓர் ஆணி அடிக்கவும் மேலிடத்து அனுமதி வேண்டும். அங்கேதான் பவளம் இருபது வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறாள்.

ஜெர்மனியில் யார் எங்கே தாலி கட்டினாலும், பதிவாளர் முன் கையெழுத்து வைத்தால்தான் சட்டப்படி கல்யாணம். கட்டியவர்கள் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன இதழையும் அரிசியையும் கூட்டி அள்ளுகிறவள் பவளம். அரிசி என்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். புறா கூடும், கால் வழுக்கும், இடுக்கில் ஊறிக்கிடந்து பலகையைக் கெடுக்கும். அவள் ஓயாமல் சொல்லித்தான், அரிசி எறியக் கூடாது என்று வாசலில் ஓர் அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பை மாட்டவும் அனுமதி வாங்கினார்கள்.

அதை முதலில் மீறியவர் வேறு யாருமல்ல, அவளுடைய சொந்த அண்ணன் கணேசலிங்கம். நாலு வருடத்துக்கு முன் அவருடைய மகள் தேனுஜாவின் கல்யாணப் பதிவு இங்கேதான் நடந்தது. மஞ்சள் அரிசியில் அறுகம்புல் கலந்த அறுகரிசியைப் பை நிறையக் கொண்டுவந்து, படிக்கட்டில் வைத்தே பிள்ளைகளின் தலையில் அள்ளிப் போட்டார். தூறல் வேறு. கல் மஞ்சளைக் குடித்துவிட்டது.

"அண்ணை, சொன்னால் கேக்க மாட்டியளோ?" என்று பவளம் வாளியோடு ஓடிவந்தாள். சம்பந்தி வீட்டார் முன் அவருக்கு முகம் செத்துப்போனது. அந்தக் கல்லில் அமிலமோ கம்பித் தூரிகையோ படக்கூடாது என்பது சட்டம். ஆகவே மூன்றாம் படியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் இன்னும் அப்படியே இருக்கிறது. அண்ணன் மனதிலும் ஏதோ அப்படியே இருந்துவிட்டது, பேச்சு குறைந்துபோனது.

பவளத்தின் கணவர் இறந்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. கோயில் மடப்பள்ளியில் உதவப் போன இடத்தில் சிவநேசன் பழக்கமானார். மனைவியை இழந்தவர், பஸ் ஓட்டுகிறவர். அவள் வெங்காயம் வெட்டிக் கண் கலங்கும்போது பேசாமல் துவாயை நீட்டுவார். அவ்வளவில் தொடங்கியதுதான். ஐம்பத்தாறு வயதில் இரண்டாம் கல்யாணமா என்று ஊர் வாய் மென்றது. மெல்லட்டும் என்று விட்டாள். தாலி, மேளம் ஒன்றும் வேண்டாம், கையெழுத்துப் போதும் என்றாள். ஆனால் அண்ணன் வந்து ஆசீர்வதிக்க வேண்டும். தாய் தகப்பன் போனபின் அவளை வளர்த்து, ஜெர்மனிக்கும் கூப்பிட்டு எடுத்தவர் அவர். அவர் வராத கல்யாணம் அவளுக்குப் பாதிக் கல்யாணம்தான்.

டார்ம்ஸ்டாட் நகரில் இருந்த அவருக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, வாற வெள்ளிக்கிழமை எங்கடை கல்யாணப் பதிவுக்கு டெர்மின், நேரம் குடுத்திருக்கினம். ராட்ஹவுஸிலை."

"இந்த வயசிலை உனக்கு என்னத்துக்கு இது?" என்றார்.

"தனிய இருந்து சாப்பிட ஏலாமக் கிடக்கு, அண்ணை."

"பாப்பம்," என்று வைத்துவிட்டார். அவர் பார்ப்போம் என்று சொல்லி எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

வெள்ளிக்கிழமை பட்டுச்சேலை உடுத்த பவளம், பழக்கதோஷத்தில் வேலையாட்கள் போகும் பின்கதவுக்கே போனாள். சிவநேசன் கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிவந்தார்.

"இண்டைக்கு நீர் வேலைக்கு வரேல்லை," என்றார்.

கூடத்தின் உத்தரத்தில் பழைய நகரசபைக்காரர்களின் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வருடக்கணக்காக அந்த மூக்குகளில் தூசி தட்டிய கையில் மோதிரம் ஏறியது. தேனுஜா சாட்சிக் கையெழுத்து வைத்தாள். அப்பா எங்கே என்று பவளம் அவளைக் கேட்கவில்லை. பதிவாளருக்குச் சம்மதம் சொன்னபோதும் அவள் கண் கதவில்தான் இருந்தது.

வெளியே வந்தபோது, படிக்கட்டின் அடியில் கணேசலிங்கம் மூச்சு வாங்க நின்றார். பிந்தியது ரயிலா மனமா என்று யாரும் விசாரிக்கவில்லை. அவருடைய வலது கை பொத்தியிருந்தது. விரலிடுக்கில் மஞ்சள் தெரிந்தது. அவர் அறிவிப்பைப் பார்த்தார். மூன்றாம் படியையும் பார்த்தார். பொத்திய கையை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் விடப் போனார்.

"உன்ரை கல்லுப் பழுதாப் போயிடும்," என்றார். "வாயாலை சொல்லுறன். ரெண்டுபேரும் நல்லா இருங்கோ."

பவளம் இறங்கிவந்து அந்த மஞ்சள் கறையின் மேலேயே நின்றாள். சேலை முந்தானையை விரித்து, ஒரு பக்கத்தைச் சிவநேசன் கையில் கொடுத்து, மறுபக்கத்தைத் தான் பிடித்தாள். விரித்த சேலைக்கு மேலே இருவரும் தலை குனிந்தார்கள்.

"தலையிலை போடுங்கோ, அண்ணை. விழுறதை நாங்கள் பிடிக்கிறம்."

கணேசலிங்கம் படியேறி வந்தார். அவளுடைய நரைத்த வகிட்டிலும் சிவநேசனின் தலையிலும் அறுகரிசி விழுந்து, சேலைக்குள் உதிர்ந்தது. கல்லில் ஒரு மணிகூடப் படவில்லை. அண்ணன் தங்கை இருவரின் கண்ணீர்தான் பட்டது. அதைத் துடைக்கப் பவளம் துணி தேடவில்லை.