திருப்பூருக்குப் போன கரும்பு

கரும்பைப் பார்சலில் அனுப்பியிருக்கிறீர்களா? அனுப்பாதீர்கள். நான் அனுப்பிப் பட்ட பாடு போதும்.

அக்காவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமாவுக்குப் பனியன் கம்பெனியில் வேலை. அவர்கள் கம்மாபுரம் பக்கத்துக் குடும்பம், பிழைப்புக்காக அங்கே போய்த் தங்கிவிட்டவர்கள். பொங்கல் வந்தால் அப்பா முழுக் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புடவை என்று சீரைத் தானே தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவார். இரண்டாயிரத்து ஏழில் அப்பா தவறிப்போனார். துக்க வருஷம் என்பதால் அடுத்து வந்த பொங்கல் எங்களுக்கு இல்லை. அதற்கடுத்த மார்கழியில் அக்கா போன் செய்தாள். எப்போதும் தொணதொணவென்று பேசுகிறவள், அன்றைக்கு மென்று விழுங்கினாள்.

“எங்க அத்த ஒரு வார்த்த சொல்லிட்டாங்கடா. அப்பன் போனா பொறந்த வூடும் போச்சுன்னு நெனச்சுக்க, இனிமே சீரு கீருன்னு எதிர்பாக்காதன்னு.”

“அதச் சொல்றதுக்கு ஒன் மாமியா யாரு?”

“கத்தாதடா. எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். ரெண்டு கரும்பு தோகையோட முழுசா வாசல்ல நிக்கணும். நம்ம வூட்லேர்ந்து வந்துச்சுன்னு நாலு பேரு பாக்கணும். அது போதும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா போனால் நான் செத்தா போய்விட்டேன்? ஆனால் நேரில் போகத்தான் வழியில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் ஓர் எலக்ட்ரிகல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். மிக்ஸியும் கிரைண்டரும் விற்கிற பொங்கல் நேரத்தில் முதலாளி லீவு கொடுக்கமாட்டார். அம்மாவுக்கு மாடிப்படி ஏறவே முழங்கால் வராது. ஆகவே அனுப்பத்தான் வேண்டும், அதுவும் என் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி.

“பணத்தப் போட்டு வுடு, அங்கியே வாங்கிக்கட்டும். திருப்பூர்ல கரும்புக்குப் பஞ்சமா?” என்றார் முதலாளி. அவருக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. சொல்லி என்ன புரியப்போகிறது?

மற்ற சாமான்கள் ஒரு சாக்கில் அடங்கிவிட்டன. கரும்புதான் வம்பு. மாதிரிக்கு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு சிதம்பரம் முழுக்க அலைந்தேன். கூரியர் கடைப் பெண் டேப்பை எடுத்துத் தையற்கடைக்காரி போல அளந்து பார்த்தாள். “எடைக்கு இல்லண்ணா, அடைக்கிற எடத்துக்குத்தான் ரேட்டு” என்றாள். அவள் சொன்ன ரேட்டுக்கு ஒரு வண்டிக் கரும்பே வாங்கலாம். “வெட்டி அட்டப் பெட்டில போட்டு எடுத்தாந்தா கம்மியா வரும்” என்று வேறு யோசனை சொன்னாள். ஆளை விடு தாயே என்று வெளியே வந்தேன்.

இதற்கெல்லாம் ரயில்தான் லாயக்கு. ஆனால் பாதையை அகலமாக்குவதற்காக அப்போது சிதம்பரம் ஸ்டேஷன் மூடிக் கிடந்தது. ஆம்னி பஸ்காரர் கரும்புக்கு இரண்டு சீட்டுக் காசு கேட்டார். அரசு பஸ் கண்டக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன். “ஆளு கூட வந்தா லக்கேஜு. ஆளில்லாத கரும்ப நான் எப்டி ஏத்துறது?” என்று விசில் ஊதிவிட்டார்.

கடைசியில் ஒரு லாரி பார்சல் ஆபீஸ் கிடைத்தது. இருப்பதிலேயே அதுதான் மலிவு. “முழுசா போவுமா?” என்று கேட்டேன். “தாராளமா போவும்” என்றார் அங்கிருந்தவர். அம்மா தோகை கசங்காமல் பழைய புடவையைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு மூட்டையையும் கரும்பையும் அங்கே போட்டுவிட்டு வந்தேன்.

போகியன்று காலை ஆபீசுக்குப் போன் போட்டேன். “டெலிவரி ஆயிடுச்சு சார்.” கரும்பும் போய்ச் சேர்ந்ததா என்றேன். “நீளம் ஜாஸ்தி சார், அங்க டெம்போவுல கொள்ளல. வெட்டித்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். உடனே அக்காவைக் கூப்பிட்டேன். “வந்துச்சுடா, நல்லாருக்கு” என்று மட்டும் சொல்லி அவளும் வைத்துவிட்டாள். அந்தக் குரலுக்கு அப்புறம் மிக்ஸி விற்க எனக்குக் கை வரவில்லை.

“நான் திருப்பூர் போறேன். வேலைய வுட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திக்குங்க” என்றேன் முதலாளியிடம். என் முகத்தை ஒரு முறை பார்த்தார். “சம்பளத்துல புடிச்சுக்குவேன், போய்ட்டு வா” என்றார்.

மறுபடி இரண்டு முழுக் கரும்பு வாங்கி அரசு பஸ்ஸில் ஏறினேன். ஆள் இருந்ததால் இப்போது லக்கேஜ். தோகை முன்சீட்டுக்காரரின் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே வந்தது. அவர் திரும்பித் திரும்பி முறைத்தார். நான் அத்தையிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றிருந்தேன்.

பொங்கலன்று காலை அக்கா இருந்த லைன் வீட்டு வாசலில் இரண்டு கரும்பு நின்றது. கடையில் வாங்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் துண்டு துண்டாக வந்த கரும்பு. துணி காயப்போடும் மூங்கில் கழி இரண்டில், துண்டுக்கு மேல் துண்டு வைத்துப் பனியன் துணி நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தது. உச்சியில் தோகை. கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் நின்றது. கீழே உட்கார்ந்து கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தது அத்தை.

அக்கா ஓடிவந்து, “ஏன்டா வந்த?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நேத்து பூரா இப்டித்தான் அழுதா” என்றது அத்தை. “வெட்டுனா என்னாடி, ஒன் தம்பி அனுப்புனது, கட்டி நிறுத்துனா நிக்காதான்னு நான்தான் கட்டுனேன்.”

அத்தை என் தோளிலிருந்த முழுக் கரும்பை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துத் தோகையை நீவிவிட்டது.

“எனக்கு மூணு அண்ணனுங்க, தம்பி. எங்க நெலத்த நெலக்கரிச் சொரங்கத்துக்கு எடுத்துக்கிட்டுக் குடுத்த காசுல எனக்குப் பங்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டேன். பொங்கலுக்கு ரெண்டு கரும்பு மட்டும் அனுப்புங்கன்னேன். எங்கப்பா இருந்த வரைக்கும் வந்துச்சு. அப்புறம் ஒரு தோக வந்ததில்ல. வருஷா வருஷம் வாசலையே பாத்துட்டுக் கெடந்தேன். இவளும் அப்டிக் கெடக்க வேணாம்னுதான் சொன்னேன்.”

குத்திக்காட்டுகிறது என்று நாங்கள் நினைத்த பேச்சு இதுதான்.

அடுத்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவர் திருப்பூர் போகிறார் என்று கேள்விப்பட்டு, லக்கேஜ் டிக்கெட்டை நானே எடுத்துக்கொடுத்து அவரோடு ஏற்றிவிட்டேன். இரண்டு கட்டு. ஒன்று அக்காவுக்கு. இன்னொன்று அத்தைக்கு, ஒரு நூல்புடவையோடு.

பொங்கலன்று அக்கா போன் செய்து, “அத்த பேசணுமாம்” என்று கொடுத்தாள்.

“தம்பி, லைன் வூட்டுக்காரங்க எல்லாரும் வந்து பாத்தாங்க. இந்தக் கட்டு யாரு அனுப்புனதுன்னு கேட்டாங்க.”

“என்னா சொன்னீங்க அத்த?”

“எங்க பொறந்த வூட்லேர்ந்து வந்துச்சுன்னு சொல்லிட்டேன்” என்றது. “தப்பில்லையே தம்பி?”