தோளில் இரண்டு தட்டு

மாணிக்கம் அண்ணனை ஜப்பான்காரர்களிடம் பிடித்துக் கொடுத்தவன் நான்தான்.

இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய மனைவி அஞ்சலை அக்கா இன்றும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அவரிடமும் சொன்னதில்லை.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்... பாருங்கள், இதிலும் கோழைத்தனம்!

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், பீடோங்கிலிருந்து நாலைந்து மைல் உள்ளே. வெள்ளைக்காரத் துரை மரங்களைச் சுற்றிப் பார்க்க மட்டக்குதிரைகள் வைத்திருந்தார். அவற்றைக் கவனிப்பதும் குட்டிகளைப் பழக்குவதும் என் வேலை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

மற்ற தோட்டங்களில் குட்டியின் காலைக் கட்டித் தள்ளுவார்கள். சாட்டையால் அடித்து, வாயில் இரத்தம் வரக் கடிவாளம் போடுவார்கள். எனக்கு அது கைவரவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, குட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். மூன்று நாளோ, பத்து நாளோ... ஒருநாள் என் பிடரியில் சூடான மூச்சு படும். அப்போதும் திரும்பாமல், உள்ளங்கையை மட்டும் பின்னால் நீட்டுவேன். அதில் கல்லுப்பு இருக்கும்.

அதன்பிறகு எல்லாம் எளிது. நாக்கை மூன்று முறை சொடுக்கினால் 'வா' என்று அர்த்தம். தோளில் இரண்டு தட்டுத் தட்டினால், 'இன்றைக்குப் போதும், உன் இடத்துக்குப் போ' என்று அர்த்தம். எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். வெறுங்கையோடு கூப்பிடக் கூடாது. குளம்பு சீவுவது, மருந்து ஊற்றுவது போன்ற வலிக்கிற காரியங்களுக்குக் கூப்பிடவே கூடாது. நாம்தான் அதனிடம் நடந்து போக வேண்டும்.

எவ்வளவு நல்லவன் நான்!

கடைசியாகப் பழக்கிய குட்டிக்கு நெற்றியில் வெள்ளை இருந்ததால் சுட்டி என்று பெயர். என்னைத் தவிர அது நெருங்கவிட்ட ஒரே ஆள் மாணிக்கம் அண்ணன். பால்வெட்டு முடிந்ததும் வேலியோரம் வந்து நிற்பார். நான் தலையைக் குனிந்து வாளிமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி குனிஞ்சிக்கிட்டே இருக்கே? வெக்கம் குதிரைக்கா, ஒனக்கா?"

கேலி செய்துகொண்டே என் வழியை முழுதும் கற்றுக்கொண்டார். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்த நாலாம் நாள் சுட்டி அவருடைய தோளில் தாடையை வைத்தது.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரை அதற்கு முன்பே ஓடிவிட்டார். பெரிய குதிரைகளை முதல் வாரமே கொண்டுபோனார்கள். சுட்டியைப் பிடிக்கப் போன சிப்பாய் அதன் முகத்தில் தடியால் அடித்தான். அது வேலியை உடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் பின்னாலிருந்த குன்றுக் காட்டுக்குள் ஓடிவிட்டது.

அடுத்த வருடம் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். முதலில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. இரண்டாவது பட்டியலில் மாணிக்கம் அண்ணனின் பெயர் வந்தது. மறுநாள் காலைப் பிரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும்போது, அவர் வரவில்லை. பாலிங் பக்கம் உறவுக்காரர்களிடம் போயிருப்பதாக அஞ்சலை அக்கா சொன்னார். அக்காவிடமும் அண்ணன் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து, குன்றோரம் சுட்டியை யாரோ பார்த்ததாகப் பேச்சு வந்தது. ஜப்பானிய அதிகாரிக்கு அது சவாரிக்கு வேண்டுமாம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாளன்னிக்குள்ள குதிர வரலன்னா, மாணிக்கம் பேரு இருந்த எடத்துல ஒம் பேர எழுதச் சொல்றான். நான் என்னப்பா பண்றது? பேசாம கொண்டாந்து குடுத்துரு லா."

போனேன். அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் கிராணியும் கடைசி நிரை மரங்களுக்குப் பின்னால் நின்றார்கள். நான் குன்றின் அடியில், காட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தோட்டத்தில் எந்த வீட்டிலும் உப்பு இல்லாத காலம் அது. என் கையில் ஒன்றும் இல்லை.

நாக்கைச் சொடுக்கினேன்.

நெடுநேரம் ஆனது. பிறகு பிடரியில் அந்தச் சூடான மூச்சு... வெறுங்கையை நீட்டினேன். நக்கியது. ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மறுபடி நக்கியது.

திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். அதன் கழுத்தில் புதுக்கயிறு. மரப்பட்டையை உரித்துத் திரித்த கயிறு. முடிச்சை விரலால் தடவிப் பார்த்தேன். பால் வாளியைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட மாணிக்கம் அண்ணன் போடும் முடிச்சு அது. இடப்பக்கம் இரட்டைச் சுற்று. தோட்டத்தில் வேறு யாரும் அப்படிப் போட மாட்டார்கள். பிடரிமயிரில் ஒரு ஒட்டுப்புல்கூட இல்லை. யாரோ தினமும் கோதிவிட்டிருக்கிறார்கள்.

அவர் பாலிங் போகவே இல்லை. தலைக்கு மேலே, அந்தக் குன்றில்தான் இருந்தார்.

அந்தக் கயிற்றை உருவி என் சட்டைக்குள் போட்டிருக்கலாம். அவர்கள் தூரத்தில்தான் நின்றார்கள். நேரம் இருந்தது. நேரம் இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருந்தது!

அப்படியே பிடித்துக்கொண்டு போனேன். அதிகாரி கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். பிறகு குன்றைப் பார்த்தான். கிராணியிடம் ஏதோ சொன்னான்.

"இத அவுத்து விடணுமாம். எங்க போவுதுன்னு பாக்கணுமாம்," என்றார் கிராணி. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுட்டியை விட்டுவிட்டேன். அது போகவில்லை. என் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. ஒரு சிப்பாய் விரட்டினான். என்னைச் சுற்றி வந்து மறுபடி நின்றது. அதை அசைக்க அவர்களால் முடியாது. அங்கே அதைப் போக வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரியாது என்று தலையாட்டியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அடித்திருப்பார்களா? சயாமுக்கு அனுப்பியிருப்பார்களா? இருக்கலாம்...

தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அது என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, நிதானமாகத் தன் இடத்துக்கு ஏறிப் போனது. சிப்பாய்கள் பின்னால் போனார்கள்.

மாணிக்கம் அண்ணனைக் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டுவந்தார்கள். சுட்டி அவர் பின்னாலேயே இறங்கி வந்தது. தாடி வளர்ந்திருந்தது. எலும்பு தெரிந்தது. லாரியை லயத்துப் பக்கம் விடாமல் குன்றடிக்கே வரவழைத்தார்கள். ஏற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். என்மேல் கோபப்படுவார், காறித் துப்புவார் என்று காத்திருந்தேன். துப்பியிருக்கலாம்...

"சொடுக்குற சத்தம் கேட்டுச்சு தம்பி. நீதானேன்னு ஓடாம இருந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதில் குற்றச்சாட்டே இல்லை. என்னை மிரட்டி இழுத்து வந்திருப்பார்கள் என்று நினைத்திருப்பார். அந்த இரண்டு தட்டை அவர் பார்க்கவில்லை.

சயாமிலிருந்து அவர் திரும்பவில்லை.

நான் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, அதிகாரி அங்கேயே சுட்டியின்மேல் ஏறினான். அது அசையாமல் நின்றது. நான் பழக்கியது அல்லவா! அவனுக்கு மகிழ்ச்சி. என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். ஒரு சிறு பை நிறைய கல்லுப்பு கொடுத்தான்.

வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கை அந்த உப்புப் போட்டு அவித்துத் தின்றேன். ருசியாக இருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை... மிகவும் ருசியாக இருந்தது.

மீதியில் இரண்டு கைப்பிடி அள்ளி அஞ்சலை அக்காவுக்குக் கொடுத்தேன். அண்ணனைப் பாலிங் ரோட்டில் பிடித்துவிட்டார்களாம் என்றும் நானே சொன்னேன். கதறி அழுதார். அந்த நிலையிலும் உப்பைச் சிந்தாமல் முந்தானையில் முடிந்துகொண்டார். உண்மை தெரிந்த கிராணி, ஜப்பான்காரர்கள் போவதற்கு முன்பே காய்ச்சலில் இறந்துபோனார்.

சுட்டியை ஒரே ஒரு முறை பார்த்தேன். பீடோங் சந்தைக்குப் பக்கத்தில் விறகு வண்டியில் பூட்டியிருந்தார்கள். முதுகெல்லாம் புண், ஈ மொய்த்தது. நான் நாக்கைச் சொடுக்கவில்லை. சொடுக்கினால் வண்டியோடு வந்துவிடும் என்று தெரியும். ஒரு கடைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

இன்றும் தோட்டத்தில் என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். குதிரையைக்கூட அடிக்காத மனுஷன் என்பார்கள். உண்மைதான்; அடித்ததே இல்லை. அடித்துப் பழக்கியிருந்தால் அது என் சத்தத்துக்கு வந்திருக்காது. அவரும் அந்தச் சத்தத்தை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்.

அஞ்சலை அக்கா இன்னும் நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொள்கிறார். போன தீபாவளிக்கும் தட்டில் அதிரசம் கொண்டுவந்தார். வழக்கம்போல என் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒருத்தரும் ஒன்னும் குடுக்காத காலத்துல உப்பு குடுத்த கை இது. அண்ணன் வந்தா ஒன்னத்தான் தம்பி மொதல்ல தேடும்."

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. அதற்குள் அதிரசத்தைப் போட்டுக்கொண்டேன். அவர் நான் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டார்.

தலையைக் குனிந்துகொண்டே கையை நீட்டினேன்.