தங்கையின் பிறந்தநாளும் கரைவலையும்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது தங்கை ரோசிக்கு ஏழாவது பிறந்தநாள். பாம்பன் கரையில் யாரும் பார்த்திராத விழாவாக அதை நடத்த நினைத்தேன். இராமநாதபுரத்தில் கேக் வாங்கி வந்தேன். பலூன் கட்டி, மாதா கோயில் நாற்காலிகளைக் கேட்டு வாங்கி, பாட்டு நின்றதும் ஓடி உட்காரும் விளையாட்டைக் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு சுற்றுகூட முடியவில்லை. கடலில் விட்ட கரைவலையைக் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கக் கூப்பிடும் குரல் கேட்டது. பிள்ளைகள் ஓலைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஏ ரோசி, நீயுமா? இன்னிக்கு உனக்குப் பிறந்தநாளு!"

"கயித்துல கை வச்சாத்தான் மீனு தருவாகக்கா!"

அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, பின்னால் போனபடி சிரித்தார். "டீச்சரம்மா, நீயும் வாரியா? இல்ல, கை கறுத்துருமா?"

படிக்கப் போன பிறகு நான் அந்தக் கயிற்றைத் தொட்டதே இல்லை. நின்றபடி பார்த்தேன். வலை நிறையச் சொறிதான் கிடந்தது. தொட்டால் அரிக்கும், தின்ன முடியாத ஜெல்லிமீன் கூழ். அந்த வாரம் முழுக்க அப்படித்தானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பிய பிள்ளைகளுக்குக் கேக்கை வெட்டிக் கொடுத்தேன். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. மீனுக்குக் கொண்டுபோன பெட்டியில் வைத்து மூடிக்கொண்டார்கள்.

"நீயாவது தின்னு ரோசி."

"ராவைக்கு அம்மாவுக்கும் வேணும்லக்கா."

விடுதியில் மணி அடித்தால் சோறு வரும். அந்தப் பழக்கத்தில்தான் இவர்களுக்கு விளையாட்டுச் சொல்லித்தர வந்திருக்கிறேன்.

மறுநாள் கூப்பிட்டபோது நானும் போய்க் கயிற்றைப் பிடித்தேன். அன்றும் சொறிதான் வந்தது.