பத்தொன்பதில் தோற்ற எண்ணெய்

ஆனந்தவள்ளிக்கு வீடு ஸ்ரீரங்கத்தில், வேலை துவாக்குடிப் பக்கம் டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் பட்டறையில். பதினாறு வருஷமாக எண்ணெய் சோதிக்கிறாள். கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, உள்ளே இருக்கும் இரண்டு உலோகக் குமிழ்களுக்கு நடுவே மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவாள். எந்த அளவில் தீப்பொறி தாவுகிறதோ, அதுவரைதான் அந்த எண்ணெய் மின்சாரத்தைத் தடுத்து நிற்கும். தூசி பட்டால் அளவு கெட்டுவிடும் என்று சோதனை அறையின் ஜன்னலை நிரந்தரமாக அடைத்து, மின்விசிறியையும் கழற்றிவிட்டார்கள். கழற்றியவர்களுக்கு ஏசி வைக்க மட்டும் தோன்றவில்லை.

ஸ்டோருக்கு மாற்றச் சொல்லி ஆறு முறை கேட்டுவிட்டாள். "உங்க பக்குவம் வேற யாருக்கும் வராதுங்க" என்பதே மேனேஜர் அறிவுமதியின் பதில்.

அந்தப் பக்குவத்தைக் கெடுத்தால்தான் விடிவு என்று ஒருநாள் துணிந்தாள். சோதிக்கும் எண்ணெயாலேயே அலச வேண்டிய கிண்ணத்தைப் பருத்திப் புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். கண்ணுக்குத் தெரியாத நூலிழை ஒட்டினால் போதும், நல்ல எண்ணெயும் தோற்றுவிடும். அறுபது கிலோவோல்ட் தாங்க வேண்டியது பத்தொன்பதிலேயே பொரிந்தது.

அளவு குறித்த தாளை அறிவுமதியிடம் கொண்டுபோய் நீட்டினாள். திட்டுவார், வேறு ஆளைப் போடுவார் என்று காத்து நின்றாள். அறிவுமதி மறுபடி சோதிக்கக்கூடச் சொல்லவில்லை.

"நேத்து வந்த புது எண்ணெய்தான். ஆனா நீங்க பத்தொன்பதுன்னா பத்தொன்பதுதாங்க. நாப்பது பேரலையும் திருப்பி அனுப்பிடறேன்" என்று போனை எடுத்தார். "மாத்தி வர்ற பேரல் ஒவ்வொண்ணையும் நீங்களே பாத்துடுங்க."

எண்ணெய் பட்ட தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆனந்தவள்ளி அறைக்குத் திரும்பினாள்.