ஊஞ்சலுக்கு வந்த மணல்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பு விழுப்புரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பூங்கா அமைத்தார்கள். ஊஞ்சலுக்கு அடியில் கொட்ட ஆற்றுமணல் வந்தது. திறந்துவைக்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்றதும், அதை அவர் நடக்கும் பாதையில் பரப்பிவிட்டார்கள். திறப்புக்கு முந்தின நாள் மாலை என் மகள் ஊஞ்சலிலிருந்து கட்டாந்தரையில் விழுந்து மூர்ச்சையானாள்.

அவள் கண்விழித்து அம்மாவைக் கேட்ட பிறகு, மண்வெட்டியோடு பூங்காவுக்குப் போய்ப் பாதை மணலை வாரத் தொடங்கினேன். மேஸ்திரி ஓடிவந்தார்.

"இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? ஆபீசர் வர்றாருங்க!"

"அவரா ஊஞ்சல் ஆடப்போறாரு?" என்றேன்.

மண் சுமக்கும் பெண் சிரித்துவிட்டாள். "நீங்க வாருங்க, நான் ஊஞ்சலுக்கு அடியில கொட்டறேன்" என்று கூடையை நீட்டினாள்.

மறுநாள் அதிகாரி செம்மண்ணில் நடந்து வந்தார். பூங்காவைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்.

தலையில் போட்ட கட்டைப் பிரித்ததும் மகள் மறுபடி ஊஞ்சலில் ஏறினாள். மறுபடி விழுவாளோ என்ற பயத்தில் முதுகைக் காட்டி நின்றேன்; சங்கிலிச் சத்தம் நிற்கும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.